அகத்தியர் மலைக்கு 42 உருப்படி முதலுதவிப் பெட்டி வேண்டுமா?

11 ஜனவரி 2025, மாலை 6.15 (நெல்லையிலிருந்து கேள்வி)

"பிப்ரவரியில் அகத்தியர்கூடம் போக எங்கள் நாலு பேருக்கும் அனுமதி கிடைத்துவிட்டது. மூன்று நாள். இதற்கு முன் ஏறிய பெரிய மலை சதுரகிரி மட்டும்தான். ஆன்லைனில் 42 உருப்படி உள்ள முதலுதவிப் பெட்டி 1,150 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா? கூட வருகிறவன் ஒருவன் பாம்புக்கடிக்கு விஷம் உறிஞ்சும் பம்பும் வேண்டும் என்கிறான். அனுபவப்பட்ட அண்ணாச்சிமார் சொல்லுங்க."

11 ஜனவரி 2025, இரவு 9.40

வேண்டாம் தம்பி. அந்த மாதிரிப் பெட்டியை 2010-ல் நானும் வாங்கினேன். 42 உருப்படியில் 20 பேண்ட்-எய்ட், 6 பஞ்சு உருண்டை. எண்ணிக்கையில் பாதிக்கு மேல் அங்கேயே தீர்ந்தது. கத்தரிக்கோல் என்று ஒன்று இருந்தது, அது பஞ்சைக்கூட வெட்டாது.

நான் டாக்டர் இல்லை. கோவையில் பம்பு செட் செய்யும் பட்டறையில் லேத் வேலை. வருடத்துக்கு ஒரு முறை முதலுதவி வகுப்பு எடுப்பார்கள், மெஷினில் விரலை இழந்தவர்கள் நடுவே உட்கார்ந்து கேட்பதால் நன்றாக மனதில் பதியும். மலை ஏறுவது 2009-லிருந்து. ஒவ்வொரு முறையும் இறங்கியதும், பையிலிருந்து எதை எடுத்தோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். கஞ்சத்தனம்தான் காரணம், அடுத்த முறை எதை வாங்க வேண்டாம் என்று தெரியுமே.

இப்போது அதை எடுத்துப் பார்த்தேன். 31 பயணம். கால் கொப்புளம் 40 வரை எண்ணியிருக்கிறேன், அப்புறம் விட்டுவிட்டேன். சிராய்ப்பும் வெட்டும் 22. கணுக்கால் பிசகியது 6. குளவி 3. வயிறு 5. எலும்பு முறிவு 1, அதுவும் மலையில் இல்லை, இறங்கி வந்து பஸ் படிக்கட்டில். அட்டைக்கடியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. பாம்புக்கடி 0.

ஆகவே பை முக்கால்வாசி பாதத்துக்குத்தான். மலையை விட்டு இறங்கிவிட்டால் கதை முடிந்தது. உறிஞ்சும் பம்பைப் பற்றி அப்புறம்.

12 ஜனவரி 2025, காலை 7.05

கொப்புளம் என்றதும் இரண்டு பேர் சிரித்திருக்கிறீர்கள். சிரியுங்கள்.

2011, வெள்ளியங்கிரி. மச்சான் முதல் நாள் ஒப்பணக்கார வீதியில் வாங்கிய புது ஷூவோடு வந்தான். இரண்டாவது மலையில் "குதிகால் லேசா சுடுது மாப்ள" என்றான். "மேல போய்ப் பாத்துக்கலாம்" என்றேன். நான் சொன்ன அந்த வார்த்தைக்கு அவன் இன்றுவரை என்னைத் திட்டுகிறான். ஆறாவது மலையில் ஆண்டி சுனைக்கு வந்து சாக்ஸைக் கழற்றினால் தோலும் கூடவே வந்தது, பழைய ஐம்பது பைசா அளவுக்கு. அந்தக் காலோடு ஏழாவதும் ஏறினான், வீம்பு. இறங்கும்போது ஷூவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு, வெறுங்காலில். முதல் மலையின் கல் படிகள் இருக்கின்றனவே, அவற்றை அவன் உட்கார்ந்து உட்கார்ந்துதான் இறங்கினான். எழுபது வயதுப் பெரியவர்கள் வெறுங்காலில் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

சுடுகிறது என்று தோன்றும் அந்த நிமிஷத்தில் நிற்க வேண்டும். அடுத்த திருப்பத்தில் நிற்கலாம் என்பது வேலைக்கு ஆகாது. அந்த நேரத்தில் தோல் சிவந்து மட்டுமே இருக்கும். சாக்ஸைக் கழற்றி, காலைத் துடைத்துக் காயவிட்டு, மேலே ஒரு டேப் ஒட்டினால் விஷயம் முடிந்தது. ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தைக் கேட்க வெட்கப்படுகிறோம், கூட வருகிறவர்கள் என்ன நினைப்பார்களோ என்று. அதனால் எங்கள் குழுவில் இப்போது ஒரு ஏற்பாடு. ஏற ஆரம்பித்து முக்கால் மணி நேரத்தில், சுட்டாலும் சுடாவிட்டாலும் எல்லோரும் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்ற வேண்டும்.

டேப் என்றால் மெடிக்கலில் கிடைக்கும் மைக்ரோபோர், வெள்ளைக் காகித டேப். ஸ்டான்ஃபோர்டு மருத்துவர்கள் 2016-ல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். பல நாள் ஓடும் 250 கிலோமீட்டர் பந்தயத்துக்கு வந்த 128 பேருக்குப் பாதத்தில் சில இடங்களில் இந்தக் காகித டேப்பை ஒட்டி, ஒட்டாத இடங்களோடு ஒப்பிட்டார்கள். ஒட்டிய இடத்தில் கொப்புளம் 40 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் கடையில் இருப்பதிலேயே மலிவான டேப் இதுதான்.

நமக்கு வியர்வை அதிகம், கழன்றுவிடும் என்பார்கள். உண்மைதான். டிங்சர் பென்சாயின் என்று ஒரு பழுப்பு நிறப் பிசின் மருந்து உண்டு. சின்னப் புட்டியில் வாங்கி, நல்ல தோலின் மேல் ஒரு பூச்சுப் பூசி, காய்ந்ததும் டேப்பை ஒட்டுங்கள். மறுநாள் உரிப்பதற்கு நீங்கள்தான் கஷ்டப்பட வேண்டும். உடைந்த தோலில் மட்டும் அதைப் பூசிவிடாதீர்கள், உயிர் போகும். சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

12 ஜனவரி 2025, மதியம் 1.30

"ஊசியால் குத்தலாமா?" என்று கேட்டவருக்கு. சின்னதாக, வலியில்லாமல் இருந்தால் தொடாதீர்கள். மேல்தோலை விட நல்ல கட்டு எந்தக் கடையிலும் கிடையாது. பெரிதாகி, நடந்தால் தானாக உடையும் என்கிற நிலைமையில் மட்டும், ஸ்பிரிட்டில் துடைத்த ஊசியால் ஓரமாக, அடிப்பக்கம் இரண்டு மூன்று இடத்தில் குத்தி நீரை வெளியேற்றுங்கள். தோலை உரிக்கவே கூடாது. சர்க்கரை நோய் இருந்தால் குத்துவதையே மறந்துவிடுங்கள்.

தேங்காய் எண்ணெய் தடவிப் போகலாம் என்ற ஈரோட்டு அண்ணனுக்கு: முதல் ஒரு மணி நேரம் சுகமாக இருக்கும். அப்புறம் மண்ணும் எண்ணெயும் சேர்ந்து உப்புத்தாள் ஆகிவிடுகிறது. டேப்பும் ஒட்டாது.

14 ஜனவரி 2025, இரவு 10.20

பொங்கல் லீவு, அதனால் நீளமாக எழுதுகிறேன்.

சிராய்ப்பு, வெட்டு. மலையில் விழுந்தால் முட்டியில் மண்ணும் கல்லும் ஏறும். நம் ஆட்களின் கை உடனே போகிற இடங்கள் மூன்று: மஞ்சள் தூள், காப்பித் தூள், டெட்டால். மூன்றுக்கும் நான் குற்றவாளி. காப்பித் தூள் வைத்தால் ரத்தம் நிற்கிற மாதிரித் தெரியும், தூள் ரத்தத்தைக் குடித்துக் கட்டியாகிவிடுகிறது, அவ்வளவுதான். கீழே அழுக்கு அப்படியே இருக்கும். 2013-ல் பரம்பிக்குளம் பக்கம் ஒரு பையனின் முழங்கையில் இப்படித் தூளை அமுக்கி அனுப்பினேன். நான்காம் நாள் சீழ் பிடித்து, அந்தக் கட்டியைச் சுரண்டி எடுத்த நர்ஸம்மா கேட்ட கேள்வி: "காப்பி போட்டது யாரு, சர்க்கரை போடலையா?"

வேண்டியது தண்ணீர். குடிக்கிற தண்ணீர் போதும், சலைன் புட்டி தூக்க வேண்டியதில்லை. ஆனால் சொட்டுச் சொட்டாக இல்லை, அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை. 20 மில்லி சிரிஞ்ச் ஒன்றை ஊசி இல்லாமல் வைத்துக்கொண்டால் பீய்ச்சி அடிக்கலாம். இல்லாவிட்டால் பாட்டில் மூடியில் சிறு துளை போட்டு அமுக்குங்கள். கல் துகள் கண்ணில் படாமல் போகும்வரை கழுவ வேண்டும். முதலில் ரத்தத்தை நிறுத்துவது, அப்புறம் கழுவுவது. நிறுத்துவதற்கு ஒரே வழி, சுத்தத் துணியை வைத்து விடாமல் பத்து நிமிடம் அழுத்துவது. "நின்னுடுச்சா" என்று இடையில் தூக்கிப் பார்த்தால் மறுபடி முதலிலிருந்து பத்து நிமிடம். கடிகாரம் பாருங்கள், பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் தெரியும்.

பெட்டாடின் போடலாம், காயத்தைச் சுற்றியுள்ள தோலில். ஆழக் காயத்துக்குள் புட்டியைக் கவிழ்க்காதீர்கள். ஹைட்ரஜன் பெராக்சைடு நுரைப்பதைப் பார்த்து மகிழ்வது வேண்டாம், புதுத் தோலையும் சேர்த்துத்தான் அது அரிக்கிறது.

வெட்டுக்காயப் பூண்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். கிணற்றடிப் பூண்டு என்றும் சொல்வோம், நடுவில் மஞ்சளும் ஓரத்தில் வெள்ளையுமாகச் சின்னப் பூ பூக்கும். என் அப்பா காட்டில் அரிவாள் பட்டால் அதைக் கசக்கிப் பிழிந்துதான் விடுவார். ரத்தம் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். அதனால் அதை ஒரேயடியாகக் கேலி செய்ய மனம் வரவில்லை. ஆனால் செடி முளைத்திருப்பது ஆடு மாடு போகிற பாதையோரத்தில். கழுவாத இலையைக் கழுவாத கையால் கசக்கித் திறந்த காயத்தில் பிழிவதை இப்போது நான் செய்வதில்லை. இவ்வளவு நம் செடியாக இருந்தும் அதற்குச் சொந்த ஊர் அமெரிக்கக் கண்டம் என்று தெரிந்த நாளில் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப மொளகாயும் அங்கிருந்துதான வந்துச்சு, திங்கறியில்ல?" என்றார்.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று போகும் முன் யோசியுங்கள். பத்து வருடத்துக்கு ஒரு முறை, அழுக்குக் காயம் என்றால் ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே போடுவார்கள். அகத்தியர்கூடத்துக்கு எப்படியும் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க டாக்டரிடம் போவீர்கள், அப்போதே கேட்டுவிடலாம்.

15 ஜனவரி 2025, காலை 6.50

அட்டைக்கு ஒரு துணியில் கல்லுப்பைக் கட்டி, அதைத் தடி முனையில் முடிந்துகொள்ளுங்கள். ஒட்டியதும் ஒரு ஒத்து. விழுந்துவிடும். மூக்குப்பொடியும் வேலை செய்யும். இதற்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

16 ஜனவரி 2025, இரவு 9.15

ஒன்றுமில்லை என்றேன், ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. இங்கே எழுதும் செவிலியர் அக்கா திருத்தியிருக்கிறார். உப்பு, பொடி, நெருப்பு எதை வைத்தாலும் அட்டை தன் வயிற்றில் இருப்பதைக் கடிவாயிலேயே கக்கிவிட்டு விழ வாய்ப்பு உண்டு, காயத்தில் கிருமி சேர அது ஒரு வழி என்கிறார். அவர் சொல்வது சரி. சிறுத்திருக்கிற முனைதான் வாய். அதன் அடியில் நகத்தைத் தோலோடு ஒட்டித் தள்ள வேண்டும், உடனே தடித்த முனையையும். பிறகு சுண்டிவிட வேண்டும். முதலிலேயே சுண்டினால் அது உங்கள் விரலில் ஒட்டும், அங்கிருந்து மறு கைக்குப் போகும், நகைச்சுவைக் காட்சிதான்.

அட்டை விழுந்த பிறகும் ரத்தம் மணிக்கணக்கில் கசிவதைப் பார்த்து உங்கள் கூட்டாளி பயப்படுவார், முன்கூட்டியே சொல்லிவைக்கவும். ரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளைச் செலுத்திவிட்டுத்தான் குடிக்கிறது. வால்பாறை எஸ்டேட்டில் ஒரு அம்மா செய்தித்தாளில் சின்னத் துண்டைக் கிழித்து எச்சில் தொட்டு அதன் மேல் ஒட்டினார், நின்றுவிட்டது. எச்சிலை விட்டுவிடுங்கள். காகிதத்தின் தத்துவம் சரிதான்.

உப்பு மூட்டை இன்னும் என் தடியில் இருக்கிறது. ஷூவின் மேல் ஏறுகிறவற்றுக்கு, தோலில் ஒட்டும் முன்னால். முழுக்கத் தோற்றுப்போக மனசில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

18 ஜனவரி 2025, இரவு 10.05

கணுக்கால். இதில்தான் எனக்கு ஒரு கடன் இருக்கிறது.

2016 பிப்ரவரி, அதே அகத்தியர்கூடம். போனக்காட்டிலிருந்து அதிருமலை முகாம்வரை முதல் நாள் ஏறக்குறைய 15 கிலோமீட்டர், பிரச்சினை இல்லை. மறுநாள் உச்சி. கடைசியில் செங்குத்துப் பாறைகளில் கயிற்றைப் பிடித்து ஏறும் இடங்கள் உண்டு. ஏறும்போது எல்லோருக்கும் கவனம் இருக்கும். கால் பிசகுவது எப்போதும் இறங்கும்போதுதான், அதுவும் கஷ்டமான இடம் தாண்டி, "அப்பாடா" என்று பேச்சு ஆரம்பிக்கிற இடத்தில். எனக்கும் அப்படித்தான். கயிறெல்லாம் முடிந்து, ஈர வேர் ஒன்றில் வலது கால் உள்பக்கம் மடங்கியது. "டொக்" என்று ஒரு சத்தம் எனக்கே கேட்டது.

எலும்பா தசைநாரா என்று அங்கே எக்ஸ்ரே எடுக்க முடியாது. பட்டறை வகுப்பில் சொல்லித் தந்தது கை கொடுத்தது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992-ல் வெளியிட்ட விதிகள் அவை. கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்தும் எலும்பு இருக்கிறதல்லவா, அதன் நுனியிலும், அதன் பின்விளிம்பில் மேல்நோக்கி 6 சென்டிமீட்டர்வரையிலும் விரலால் எலும்பையே அழுத்துங்கள். பாதத்தின் வெளி ஓரத்தில் நடுவே ஒரு மேடு உண்டு, அதையும், உள்பக்கம் பாத வளைவின் மேலே இருக்கும் எலும்பையும். அங்கெல்லாம் எலும்பில் வலி இல்லை, நொண்டியாவது நான்கு எட்டு வைக்க முடிகிறது என்றால் முறிவுக்கு வாய்ப்பு மிகக் குறைவு. வீக்கத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சாதாரணச் சுளுக்கும் கோழிமுட்டை அளவு வீங்கும்.

எனக்கு நான்கு எட்டு வைக்க முடிந்தது. ஷூவைக் கழற்றாமல், அதன் மேலேயே கிரேப் பேண்டேஜை எட்டுப் போலச் சுற்றிக்கொண்டு முகாம்வரை நடந்தேன். மறுநாள் இன்னொரு 15 கிலோமீட்டர்.

கடன் என்றது இதைத்தான். என் பையை நான் தூக்கவில்லை. வழிகாட்டியாக வந்த காணிப் பழங்குடி இளைஞர் தன் சுமையோடு என் பையையும் தூக்கினார், கேட்கவே இல்லை. ஒரு காட்டுக் கம்பை வெட்டி என் உயரத்துக்குச் சீவிக் கொடுத்தார். முதலுதவி என்று நான் எதையெதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன், அன்று எனக்குக் கிடைத்த முதலுதவி அந்த இரண்டும்தான். பேண்டேஜ் மூன்றாவது.

20 ஜனவரி 2025, காலை 7.30

"ஷூவைக் கழற்றி ஐஸ் வைக்க வேண்டும், நீங்கள் தப்பாகச் சொல்கிறீர்கள்" என்று ஒருவர். ஐஸை அங்கே யார் வைத்திருக்கிறார்கள் என்பது இருக்கட்டும். ஓய்வு, ஐஸ், இறுக்கக் கட்டு, உயரத் தூக்குவது என்ற சூத்திரத்தை 1978-ல் தன் புத்தகத்தில் எழுதிய கேப் மிர்கின் என்ற டாக்டரே பின்னாளில், ஐஸும் முழு ஓய்வும் ஆறுவதைத் தாமதப்படுத்தலாம் என்று மாற்றிக்கொண்டார். முதல் சில மணி நேர வலிக்கு ஐஸ் உதவும், அவ்வளவே. ஓடைத் தண்ணீரில் பத்து நிமிடம் வைத்தாலும் சுகம்தான்.

ஷூ விஷயத்தில் மட்டும் அவர் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. விரல் மரத்தாலோ, வெளுத்தாலோ, வலி ஏறிக்கொண்டே போனாலோ கழற்றிப் பார்க்கத்தான் வேண்டும். நடந்தே ஆக வேண்டும், விரலில் உணர்ச்சி இருக்கிறது என்றால் கழற்றாதீர்கள், திரும்ப மாட்ட முடியாது.

20 ஜனவரி 2025, காலை 7.34

கோடாலித் தைலம் வேண்டாமா என்று கேட்டவருக்கு: சுளுக்குக்கு அது ஒன்றும் செய்யாது. பஸ்ஸில் போனக்காடு மலைப்பாதை வளைவுகளுக்கு வைத்துக்கொள்ளுங்கள். என்னிடமும் இருக்கிறது.

23 ஜனவரி 2025, இரவு 9.50

சரி, பாம்பு. கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள்.

உறிஞ்சும் பம்பு வாங்காதீர்கள். விஷத்தை அது எடுப்பதில்லை, கடிவாய்த் தசையைக் கெடுக்கும். கீறக் கூடாது, வாயால் உறிஞ்சக் கூடாது, கயிற்றால் இறுக்கிக் கட்டக் கூடாது. மோதிரம், கொலுசு, வாட்ச் இருந்தால் வீங்கும் முன் கழற்ற வேண்டும். கடித்த கையையோ காலையோ எலும்பு முறிவுக்குக் கட்டுவது போலக் கம்பு வைத்துத் தளர்வாகக் கட்டி, ஆடாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு வர வேண்டும். கடித்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாம்பைப் பிடிக்கவோ அடிக்கவோ போய் இரண்டாவது ஆளும் கடி வாங்க வேண்டாம்.

இந்தியாவில் கிடைக்கும் விஷமுறிவு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நான்குக்குத்தான். மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டில் இருக்கிற குழி விரியன் வகைகளுக்கு அது சரியாக வேலை செய்வதில்லை. அதனால் பயப்படச் சொல்லவில்லை, இலைச் சருகில் கையை ஊன்றாதீர்கள், உட்காரும் கட்டையின் பின்னால் பாருங்கள் என்கிறேன். இரவு ஒதுங்கப் போனால் டார்ச். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே இருக்காது. தரையில் படுத்தவர் காலையில் "வயித்த வலிக்குது, கண்ணைத் திறக்க முடியல" என்றால் அஜீரணம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என் நோட்டில் இன்னும் 0-தான். எழுதும்போதே மரப்பலகையைத் தொட்டுக்கொள்கிறேன்.

2 பிப்ரவரி 2025, மாலை 5.10

மாத்திரைகள். பாராசிட்டமால், அலர்ஜிக்குச் செட்டிரிசின், வயிற்றுப்போக்குக்குத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பொடி, அவரவர் தினமும் போடுகிற மருந்து ஒரு நாள் கூடுதலாக. இவ்வளவுதான்.

ஐபுபுரூஃபன் என்ற வலி மாத்திரை பற்றி எனக்கு இரண்டாவது யோசனை வந்துவிட்டது. பல வருடம் மிட்டாய் மாதிரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மே மாத வெயிலில் பர்வதமலையில் ஒருவருக்குக் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, ஒன்று கொடுத்தேன், மாலையில் இன்னொன்று. தண்ணீர் வற்றிய உடம்பில் அந்த வகை மாத்திரை சிறுநீரகத்தைப் பாதிக்கும் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, என் அதிர்ஷ்டம். அவருக்கு வேண்டியிருந்தது தண்ணீரும் உப்பும் நிழலும். இப்போது ஐபுபுரூஃபனைப் பையிலிருந்து எடுத்துவிட்டேன்.

ஓ.ஆர்.எஸ். கலக்கும்போது பொட்டலத்தைப் படியுங்கள். பெரிய பொட்டலம் 1 லிட்டருக்கு, 4 கிராம் சொச்சம் இருக்கும் குட்டிப் பொட்டலம் 200 மில்லிக்கு. பெரியதை ஒரு டம்ளரில் கொட்டிக் "கெட்டியா குடி, தெம்பு வரும்" என்று கொடுக்கிறார்கள். வயிற்றுப்போக்கு கூடும். பொட்டலம் இல்லாவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு.

24 பிப்ரவரி 2025, இரவு 8.45

நெல்லைத் தம்பி போய்விட்டு வந்து எழுதியிருக்கிறார். நாலு பேருக்கும் உச்சி கிடைத்திருக்கிறது. பயன்பட்டவை: மைக்ரோபோர் ஒன்றரை உருளை, ஓ.ஆர்.எஸ். 3, ஊக்கு 2 (கிழிந்த பைப்பட்டைக்கு), துண்டு ஒன்று, முட்டி சிராய்ப்பைக் கழுவ அரை லிட்டர் தண்ணீர். கிரேப் பேண்டேஜைத் தலையணையாகப் பயன்படுத்தினாராம்.

பாம்பைப் பார்த்தார்கள். பச்சை நிறம், கிளையில், "எங்களைப் பார்க்கக்கூட இல்லை அண்ணாச்சி." உறிஞ்சும் பம்பு கேட்ட நண்பர்தான் பத்தடி பின்னால் போனாராம்.

6 மார்ச் 2025, இரவு 11.20

முதல் குறிப்பில் "மலையை விட்டு இறங்கிவிட்டால் கதை முடிந்தது" என்று எழுதினேன். அதை அடித்துவிடுங்கள். அழிக்காமல் விடுகிறேன், என் திமிர் தெரியட்டும்.

நெல்லைக் குழுவில் ஒருவருக்கு இறங்கிப் பத்து நாள் கழித்துக் காய்ச்சல், தலைவலி, உடம்பு முறிக்கிற வலி. பக்கத்துக் கிளினிக்கில் வைரஸ் காய்ச்சல் என்று அமாக்ஸிசிலின் கொடுத்தார்கள். நான்கு நாளாகியும் இறங்கவில்லை. தம்பி நேற்று எனக்குத் தனியாக எழுதிக் கேட்டார். எனக்கு 2018-ல் என் தங்கை வீட்டுக்காரர் பட்டபாடு நினைவு வந்தது. "உடம்பு முழுக்கத் தேடு, அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் பெல்ட் கட்டுகிற இடம், சிகரெட் சுட்ட மாதிரி கறுப்புப் பொருக்கு இருக்கிறதா பார்" என்றேன். இடுப்பின் பின்பக்கம் இருந்தது. வலியோ அரிப்போ இல்லாததால் அவருக்கே தெரியவில்லை.

ஸ்க்ரப் டைபஸ். புதரிலும் புல்லிலும் இருக்கிற, கண்ணுக்கே தெரியாத சிறு பூச்சியின் கடி. 6 நாளிலிருந்து 21 நாள்வரை கழித்துத்தான் காய்ச்சல் வரும், அதற்குள் மலைக்குப் போனதையே மறந்திருப்போம். அமாக்ஸிசிலின் இதற்குப் பலிக்காது, டாக்ஸிசைக்ளின் பலிக்கும். விட்டால் நுரையீரல், சிறுநீரகம்வரை போகிற நோய். இன்று காலை அரசு மருத்துவமனைக்குப் போய், "பதினைந்து நாளுக்கு முன் காட்டில் மூன்று நாள் இருந்தேன்" என்ற வாக்கியத்தை முதலில் சொல்லியிருக்கிறார். டாக்டர் பொருக்கைப் பார்த்ததும் மருந்தை ஆரம்பித்துவிட்டாராம்.

கிளினிக் டாக்டரை நான் குறை சொல்ல மாட்டேன். நோயாளி காட்டைப் பற்றி வாயே திறக்கவில்லை.

8 மார்ச் 2025, காலை 6.40

காய்ச்சல் இறங்கிவிட்டது. இட்லி கேட்டாராம்.

8 மார்ச் 2025, காலை 6.55

நோட்டில் புதிதாக ஒரு பத்தி போட்டேன்: "இறங்கிய தேதி + 21." அந்தத் தேதிவரை யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எனக்குச் சொல்ல வேண்டும். புல்லில் உட்காரும்போது தார்ப்பாய், இறங்கியதும் சோப்புப் போட்டுக் குளியல், துணியை வெந்நீரில். இவற்றை ஜனவரியிலேயே எழுதியிருக்க வேண்டும். அட்டைக்குக் கொடுத்த இடத்தை இதற்குக் கொடுத்திருக்கலாம். அட்டை அருவருப்பு, அவ்வளவுதான், அது நோய் கொண்டுவருவது அபூர்வம். பயம் எப்போதும் கண்ணுக்குத் தெரிகிறதன் மேல்தான் போகிறது.

19 ஏப்ரல் 2025, இரவு 9.30

குரங்கு பிறாண்டினால்? சதுரகிரியில் தேங்காய் மூடியைப் பிடுங்கும்போது ஒருவருக்கு நகம் பட்டதாம், "சின்னக் கீறல்தான்" என்கிறார். ரத்தம் வந்ததா என்று கேட்டேன், துளி என்றார். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், கட்டுப் போடாமல் இறங்கி அன்றைக்கே வெறிநாய்க்கடி ஊசி. அரசு மருத்துவமனையில் இலவசம். இதில் "பார்த்துக்கலாம்" என்பதே கிடையாது, நோய் வந்த பிறகு மருந்து இல்லை. அவர் போயிருக்கிறார், இரண்டு ஊசி முடிந்தது.

20 அக்டோபர் 2025, மதியம் 2.15

தீபாவளிப் பலகாரம் வயிற்றைப் பதம் பார்த்ததால் இந்த இழைக்கு வந்தேன். ஓ.ஆர்.எஸ். விஷயத்தில் ஒரு சேர்க்கை. கடையில் காகிதப் பெட்டியில் பழச்சுவையோடு வரும் இனிப்புப் பானங்கள் பலவற்றின் மேல் அந்த மூன்று எழுத்து இருந்தது. உலகச் சுகாதார நிறுவனச் சூத்திரத்தில் இல்லாத எதிலும் அந்தப் பெயரைப் போடக் கூடாது என்று இந்த மாதம் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டிருக்கிறது. ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருடம் தனியாளாகப் போராடியதன் பலன். பழைய சரக்கு உங்கள் பையில் இருக்கும், எடுத்துப் பாருங்கள். என் பையில் இரண்டு இருந்தன. இங்கே எல்லோருக்கும் பாடம் எடுத்த ஆள் நான்.

9 ஜனவரி 2026, இரவு 9.05

நெல்லைத் தம்பி இந்த வருடமும் அகத்தியர்கூடத்துக்கு முயற்சி செய்கிறார். போன வருடம் காய்ச்சல் கண்டவரும் வருகிறாராம், தார்ப்பாயோடு.

ஒரு விஷயத்தை அவர் இத்தனை நாள் மறைத்திருக்கிறார். அந்த 42 உருப்படிப் பெட்டியை என்னிடம் கேள்வி கேட்பதற்கு முதல் நாளே வாங்கிவிட்டாராம். "நீங்க வாங்கலாம்னு சொல்வீங்கன்னு நெனச்சுக் கேட்டேன் அண்ணாச்சி." பெட்டி இப்போது அவர் அம்மாவிடம் இருக்கிறது. பேண்ட்-எய்ட் தீர்ந்துவிட்டது, தையல் ஊசிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். கத்தரிக்கோல் மட்டும் சமையலறையில், பால் பாக்கெட் வெட்ட. வெட்டுகிறதா என்று கேட்டேன். பல்லால் ஆரம்பித்துக் கொடுத்தால் வெட்டுமாம்.